வீட்டுக்கு எந்த ஜாக்கி?

காரோடு சேர்ந்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஒரு ஜாக்கியும் வருகிறது. வைர வடிவத்தில் மடங்கி விரியும் சிசர் ஜாக்கி. காசு கொடுத்துத் தனியாக வாங்காத பொருள் என்பதாலோ என்னவோ, அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. டயர் பஞ்சர் ஆகும் நாளில்தான் அது இருப்பதே ஞாபகம் வரும். அதன்பிறகு, "அதான் தூக்குதே, அப்புறம் எதுக்குத் தனியா ஒண்ணு" என்று அதை வைத்தே பிரேக் பேட் மாற்றவும் ஆயில் இறக்கவும் கிளம்பிவிடுகிறார்கள் சிலர். யூடியூபில் நாலு வீடியோ, கையில் ஒரு ஸ்பேனர் செட், போர்டிகோவில் கார். ஞாயிற்றுக்கிழமை காலை. இவ்வளவு போதும்.

வீட்டில் கார் வேலை பார்ப்பது தப்பே இல்லை. காசு மிச்சம், வண்டியைப் பற்றிய பயமும் போகும். ஆனால் என்ன ஜாக்கி வாங்குவது என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் எல்லாம் எத்தனை டன், எந்த பிராண்டு, எங்கே ஆஃபர் என்பதிலேயே நின்றுவிடுகின்றன. கையில் இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஜாக்கியே அல்ல. ஸ்டாண்டு. மூன்று நான்கு கால்களோடு, நடுவில் உயரத்தை மாற்றும் தண்டோடு இருக்குமே, அந்த இரும்பு ஸ்டாண்டு. அதில் ஒரு ஜோடி. அதற்குப் பிறகு மிச்சம் இருக்கும் பணத்துக்கு என்ன ஜாக்கி வருகிறதோ அது.

இது ஏன் என்பதற்கு முதலில் அந்த சிசர் ஜாக்கியையே எடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் எல்லோரும் திருகு ஜாக்கி கணக்கு போட்டிருப்பார்கள். மரையின் சரிவைவிட உராய்வு அதிகமாக இருந்தால் பாரம் தானாகக் கீழே இறங்காது. அப்படிப்பட்ட திருகின் திறன் ஐம்பது சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. அதாவது, போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் வீணாவதால்தான் கைப்பிடியை விட்டாலும் கார் மேலேயே நிற்கிறது. ஆயில் கிடையாது, சீல் கிடையாது, கசிவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வகையில் நம்பகமான சாமான்தான்.

ஆரம்பத்தில் சுற்றக் கஷ்டமாக இருப்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஜாக்கியின் கைகள் தரையோடு 15 டிகிரியில் படுத்திருக்கும்போது, மேலே இருக்கும் பாரத்தைப்போல ஏறத்தாழ 3.7 மடங்கு இழுவிசை அந்த ஒற்றைத் திருகில் விழுகிறது. கைகள் 45 டிகிரிக்கு வந்துவிட்டால் அது பாரத்துக்குச் சமமாகக் குறைந்துவிடும். மேலே போகப் போக லேசாகிறதே என்று சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் நிஜமான ஆபத்து ஆரம்பிக்கிறது. அடித்தட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அதன்மேல் ஒரு முழத்துக்கு இரண்டு மெல்லிய கைகள். உச்சியில் காரின் ஒரு மூலை. நேர்க்கீழாக வரும் பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டில் யாராவது ஒரு தள்ளு தள்ளினால்? துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரில் முழு உடம்பையும் போட்டு இழுத்தால்? அது ஜாக்கிக்குப் பக்கவாட்டு விசைதான். டயர் மாற்றும் பத்து நிமிடத்துக்கு, சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, ஆள் அடியில் போகாமல் செய்வதற்காகச் செய்யப்பட்ட ஜாக்கி அது. காரோடு வரும் கையேட்டிலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. பேட்டரியில் இணைத்து பட்டனை அழுத்தினால் தானாகத் தூக்கும் 12 வோல்ட் ஜாக்கிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. பெரும்பாலானவை இதே சிசர் ஜாக்கிக்கு மோட்டார் மாட்டியவைதான். கை வலி குறையும். அடித்தட்டு அகலமாகிவிடாது.

அடுத்தது பாட்டில் ஜாக்கி. லாரி கிளீனர்களின் சொத்து. 1851-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் கையில் தூக்கிச் செல்லும்படியான ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். பாட்டில் ஜாக்கி அந்த வம்சம். உள்ளே நடப்பது எல்லாம் பாஸ்கல் விதிதான். பம்ப் பிஸ்டன் 10 மி.மீ. விட்டம், தூக்கும் பிஸ்டன் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பளவில் 16 மடங்கு. கைப்பிடியில் நெம்புகோல் லாபம் 10 மடங்கு. மொத்தம் 160. கையால் 10 கிலோ அழுத்தினால் மேலே 1600 கிலோ (உராய்வைக் கழித்துக்கொள்ள வேண்டும்). இதற்கான விலையும் உண்டு: பம்ப் பிஸ்டன் 2 செ.மீ. இறங்கினால் பாரம் 1.25 மி.மீ.தான் ஏறும். அதனால்தான் லாரி கிளீனர் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

பாட்டில் ஜாக்கிக்குக் கார் பொருந்தாததற்குக் காரணம் உயரம். முழுக்க இறக்கி வைத்தாலும் அது 15 முதல் 18 செ.மீ. வரை நிற்கும். டயரில் காற்று போன ஒரு சின்னக் காருக்கு அடியில் அதை நுழைப்பதே பெரும்பாடு. தலை வேறு சின்னது, உருளை, வழுக்கும். பொலேரோ மாதிரி சேசிஸ் உள்ள வண்டி, பின்னால் கட்டியான ஆக்சில், அப்படிப்பட்ட இடத்தில் பாட்டில் ஜாக்கி அருமையாக உட்காரும். ஹேட்ச்பேக் வைத்திருப்பவர் விலை குறைவு என்று அதை வாங்கினால் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் பயன்படும் :-)

ஆக, வீட்டுக்கு ட்ராலி ஜாக்கி. நாலு சக்கரத்தில் உருண்டு காருக்கு அடியில் போகுமே, அது. இதில்தான் 'எத்தனை டன்' கேள்வி வருகிறது. பலரும் கார் ஒரு டன், அதனால் இரண்டு டன் ஜாக்கி போதும் என்கிறார்கள். பாரத்தை மட்டும் பார்த்தால் அது போதும், ஏன், தாராளம். ஸ்விஃப்ட் போன்ற கார் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் எஞ்சின் இருப்பதால் எடையில் அறுபது சதவீதம் முன்னால் என்று வைத்தாலும், முன்பக்கம் முழுதையும் தூக்க அறுநூறு கிலோவுக்குள்தான். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் முந்நூறு சொச்சம். இன்னோவா கிறிஸ்டா 1800 கிலோ பக்கம் வரும். அதற்குக்கூட முன்பக்கம் ஒன்றேகால் டன்னைத் தாண்டாது.

ஆனால் டன்னோடு சேர்ந்து மற்றவையும் மாறுகின்றன. பெட்டியில் கைப்பிடியோடு வரும், எட்டு பத்து கிலோ எடையுள்ள குட்டி இரண்டு டன் ஜாக்கி சுமார் 33 செ.மீ. வரைதான் தூக்கும். கேட்கப் போதும்போல் இருக்கிறது. கார் உடம்பு ஏற்கெனவே தரையிலிருந்து பதினேழு பதினெட்டு செ.மீ. உயரத்தில். அதற்குப் பிறகு சஸ்பென்ஷன் விரிந்து, டயர் தரையை விட்டு எழுந்து, ஸ்டாண்டை நுழைக்க இடமும் வேண்டும். ஜாக்கி முடிந்துவிட்டது, ஸ்டாண்டு இன்னும் நுழையவில்லை என்ற நிலை வரும். அப்போது என்ன செய்வார்கள்? ஜாக்கிக்கு அடியில் செங்கல் வைப்பார்கள். விபத்துக்கான ஏற்பாடு அங்கே முழுமையாகிவிடுகிறது. மூன்று டன் ஜாக்கியின் உடம்பு நீளம், சக்கரங்களுக்கு இடையே அகலம், தூக்கும் உயரம் 45 முதல் 50 செ.மீ. வரை. அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும்தான் கூடுதல் காசு. எடை முப்பது நாற்பது கிலோ ஆகும் என்பது உண்மைதான். மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

'லோ புரொஃபைல்' என்று ஒரு வகைக்கு அமெரிக்க விமர்சனங்களில் பெரிய மதிப்பு. எட்டு செ.மீ. இடைவெளியிலும் நுழையும். அது தரையோடு ஒட்டி ஓடும் அவர்கள் ஊர் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு. இங்கே ஸ்பீடு பிரேக்கர்களுக்குப் பயந்தே கார்களை உயர்த்திச் செய்கிறார்கள். சாதாரண ஜாக்கியின் பதின்மூன்று செ.மீ. போதும்.

ட்ராலி ஜாக்கியைப் பற்றி வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அதன் கை வட்டத்தில் எழுகிறது. நேர்க்கோட்டில் அல்ல. அதனால் தலை மேலே போகும்போதே கிடைமட்டமாகவும் ஐந்து, பத்து செ.மீ. நகரும். கார் நகராது, எனவே ஜாக்கிதான் உருண்டு காருக்கு அடியில் போக வேண்டும். சக்கரம் இரும்பில் இருப்பது அதற்குத்தான். வழவழப்பான சிமெண்ட் தரையில் இது தானாக நடக்கிறது, கண்ணுக்கே தெரியாது. ஆனால் நம் ஊர் வீட்டு முன்னால் என்ன இருக்கிறது? இன்டர்லாக் கல். கல்லுக்குக் கல் இடைவெளியில் ஜாக்கியின் குட்டிச் சக்கரம் சிக்கும். சிக்கினால் ஒன்று கார் இழுக்கப்படும், அல்லது தலை வழுக்கும். மண் தரையில் இன்னும் மோசம். நல்ல கட்டியான பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கி உருள இடம் விட்டு வைக்க வேண்டும். டைல்ஸ் போட்ட போர்டிகோவில் வேறு கவலை: அடியில் கலவை நிரம்பாமல் பொக்கையாக இருக்கும் டைல், ஸ்டாண்டின் கால் பட்டதும் படாரென்று விடும். தட்டிப் பார்த்தாலே சத்தத்தில் தெரிந்துவிடும். அங்கேயும் பலகைதான்.

சரி, ஸ்டாண்டுக்கு வரலாம். ஹைட்ராலிக் ஜாக்கி காரை நிறுத்தி வைப்பது ஒரு ரப்பர் சீலின் தயவிலும், ஒரு குண்டுமணி அளவு எஃகு உருண்டை வால்வின் தயவிலும். அந்த உருண்டைக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு தூசி போய் உட்கார்ந்தால் ஆயில் திரும்பி வழியும், கார் மெல்ல இறங்கும். சீல் கிழிந்தால் மெல்ல அல்ல. கீழே படுத்திருப்பவருக்கு நகர நேரம் இருக்காது. ஸ்டாண்டில் கசிய எதுவும் கிடையாது. இரும்பின்மேல் இரும்பு.

ஸ்டாண்டிலும் ஏமாற இடம் உண்டு. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற பெரிய கடைத்தொடர், தான் விற்ற ஸ்டாண்டுகளில் சுமார் 17 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. பல்சக்கரம் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும் தண்டில் கொக்கி ஒழுங்காகப் பதியவில்லை. வார்ப்பு செய்யும் அச்சு தேய்ந்துபோனது காரணம். பாரத்தோடு இருக்கும்போதே தண்டு சறுக்கி இறங்க வாய்ப்பு. அதற்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் ஒரு பகுதியை, வெல்டிங் குறை என்று, அதே வருடம் மறுபடி திரும்ப வாங்கினார்கள். திரும்ப வாங்கும் ஏற்பாடு இருக்கும் நாட்டிலேயே இப்படி. பெயரில்லாத பெட்டியில் வரும் ஸ்டாண்டை இங்கே யார் திரும்ப வாங்குவார்கள்?

அதனால் கொக்கி வகையைவிடத் துளையும் பின்னும் உள்ள வகை வீட்டுக்கு மேல். தண்டில் வரிசையாகத் துளைகள், குறுக்கே ஒரு கட்டியான இரும்புப் பின். உயரத்தை ஒவ்வொரு அங்குலமாக மாற்ற முடியாது, துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான். பரவாயில்லை. பின் போயிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறதே, அது பெரிய விஷயம். கொக்கி வகைதான் கிடைத்தது என்றால், கொக்கியோடு பின்னும் போடக்கூடியதாகப் பார்த்து வாங்கலாம். பெட்டியில் '3 டன்' என்று இருந்தால் அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் படிக்க வேண்டும். இரண்டு விதமாகவும் போடுகிறார்கள்.

ஹாலோ பிளாக், செங்கல், கருங்கல், கழற்றிய டயர் இவற்றையெல்லாம் ஸ்டாண்டாக வைக்கும் வழக்கம் ரோட்டோர ஷெட்டுகளில் உண்டு. "இருபது வருஷமா இப்படித்தான் பண்றோம் தம்பி, ஒண்ணும் ஆகல" என்பார்கள். அவர்களுடைய அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்த வேலையை நம்மில் யாரைவிடவும் சுத்தமாக முடிப்பார்கள். ஆனால் கான்கிரீட்டின் குணம் அனுபவத்துக்குக் கட்டுப்படாது. இரும்பு வளைந்து காட்டும், முனகும். ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். சுவரில் அகலமாகப் பரவி வரும் பாரத்துக்குச் செய்த கல்லில், ஒரு புள்ளியில் பாரத்தை வைத்தால் வேறென்ன நடக்கும். அந்த ஷெட்டுகளில் கல்லுக்குப் பக்கத்தில் அடியில் படுப்பது பெரும்பாலும் முதலாளி அல்ல, வேலை பழக வந்த பையன். ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை அங்கே ஒரு காரின் சர்வீஸ் பில்லைவிடக் குறைவு. கழற்றிய டயரை மட்டும் ஒதுக்க வேண்டாம்: ஸ்டாண்டு வைத்த பிறகு, கூடுதலாக, காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால் எல்லாம் கைவிட்டாலும் ஆள் நுழையும் இடைவெளி மிஞ்சும்.

அடுத்த சிக்கலை முதல் முறை செய்கிறவர்கள் எல்லோரும் சந்திப்பார்கள். இன்றைய கார்களில் தனி சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஓர் இடம், அங்கேதான் ஜாக்கி வைக்க வேண்டும் என்று குறித்திருப்பார்கள். ஜாக்கியை அங்கே வைத்தாயிற்று. இப்போது ஸ்டாண்டை எங்கே வைப்பது? அதே இடத்தில்தான் அதையும் வைக்க வேண்டும்! ஒரே நாற்காலி, இரண்டு பேர். வழி என்னவென்றால், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கியை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கி, ஓரத்துக் குறிகளில் ஸ்டாண்டை வைப்பது. சர்வீஸ் மேனுவலில் அந்த இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். காட்டாத இடத்தில் வைக்கக் கூடாது. சட்டம் என்று நினைத்து ஆயில் சம்ப்பில் ஜாக்கியை வைத்து அதை நசுக்கியவர்கள் நிறையப் பேர். விளிம்பு மடங்காமல் இருக்க நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் கட்டை ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடலாம். மின்சாரக் கார்கள் பலவற்றில் தரைக்கு அடியில் முழுக்க பேட்டரிதான். அங்கே இடம் தவறினால் நசுங்குவது சம்ப் இல்லை, அதனால் குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் தொடவே கூடாது.

ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், பெரும்பாலான கார்களில். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டும் போடாததும் ஒன்றுதான். தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே ஆக வேண்டும்.

ஆயில் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் ஜாக்கியே வேண்டாம், ஒரு ஜோடி ரேம்ப் போதும். காரை ஓட்டி மேலே ஏற்றிவிடலாம். சக்கரம் கழற்ற முடியாது, அவ்வளவுதான். நம் ஊரின் பழைய வழி குழி. சர்வீஸ் ஸ்டேஷன்களில் பார்க்கலாம். நிமிர்ந்து நின்று வேலை பார்க்கும் சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி.யும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு பல்பு ஒயர் பொறி விட்டால் போதும். ஐப்பசியில் அதே குழி கிணறாகிவிடும் என்பது தனி. வீட்டில் குழி தோண்டுவது வேண்டாத வேலை.

கடைசியில் லிப்ட். 1925-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர், சலூன் நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துக் காரையும் அப்படித் தூக்கலாமே என்று செய்ததாகச் சொல்லப்படும் கண்டுபிடிப்பு. இன்று இரண்டு தூண் லிப்ட் இல்லாத பெரிய சர்வீஸ் சென்டர் கிடையாது. வீட்டிலும் ஒன்று போட்டால் என்ன என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை லட்சங்களில். விலையைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தூண்கள் தரையில் போல்ட்டால் நிற்கின்றன. குறைந்தது நான்கு அங்குல கனத்துக்கு நல்ல கான்கிரீட் கேட்கிறார்கள். வீட்டு போர்டிகோவில் மணலுக்கு மேல் 1:4:8 ஜல்லிக் கலவை, அதற்கு மேல் டைல்ஸ். அதில் போல்ட் அடித்து ஒரு டன்னை ஆறடி உயரத்தில் தொங்கவிடுவது தற்கொலை முயற்சி. மேலே கூரை உயரம் பதினொன்று பன்னிரண்டு அடி வேண்டும். அபார்ட்மெண்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் எட்டு ஒன்பது அடிதான் இருக்கும், அந்தத் தரையும் எல்லோருக்கும் சொந்தம். செயலாளர் ஜாக்கியைப் பார்த்தாலே முறைப்பார். தனி வீடு, தனி ஷெட், வாரந்தோறும் பழைய கார்களைப் பிரித்துச் சேர்க்கும் பழக்கம், இதெல்லாம் இருப்பவருக்கு லிப்ட் நியாயம். அப்போதும் நான்கு தூண் வகையைவிட, மீட்டர் உயரத்துக்கு மட்டும் தூக்கும், போல்ட் தேவைப்படாத சிசர் லிப்ட் பொருத்தம். பூட்டு விழுந்த பிறகுதான் அடியில் போக வேண்டும் என்பது அதற்கும் உண்டு.

வாங்கிய ஜாக்கி மூன்று வருடத்தில் கெட்டுப்போவதற்கு ஒரு காரணம் அதிகமாகக் காணப்படுகிறது. ஆயில் குறைந்ததும், கையில் இருப்பதை ஊற்றுவோம் என்று பிரேக் ஆயிலை ஊற்றுகிறார்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் சார்ந்தது, ஜாக்கியின் நைட்ரைல் ரப்பர் சீல் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் என்றே தனியாக விற்கிறது, அரை லிட்டர் போதும். ஊற்றும்போது ஜாக்கி முழுக்க இறங்கிய நிலையில் இருக்க வேண்டும். பிறகு வால்வைத் திறந்துவைத்து, பாரம் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை அடித்தால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். அதன் பிறகும் காரைத் தூக்கி நிறுத்திக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும், யாரும் அடியில் போகாமல். அரை அங்குலம் இறங்கியிருந்தால் சீல் கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.